நார் ஓடும் திசையில் முதுகு

திருத்தணியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். தமிழ்நாடு பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாகத் தருகிற பாடநூல்களை இறக்கி, வீட்டு பிரிண்டரில் அச்செடுக்கிறார். தாள் மிச்சமாகட்டும் என்று ஒரு ஏ4 தாளில் இரண்டு பக்கங்களைச் சிறிதாக்கி அச்சிட்டு, நடுவில் வெட்டி, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பைண்டிங் போட்டிருக்கிறார். கத்திரி வெயிலில் கட்டி வந்தபோது புத்தகம் கச்சிதமாக இருந்தது. ஐப்பசி மழை வந்ததும் முதுகுப் பக்கம் அலை அலையாக நெளிந்துவிட்டது. இப்போது பெரியவனின் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தாளைப் புரட்டினாலும் கையோடு வருகிறதாம். “வீட்டில் வைத்துக்கொள்ள மலிவான பைண்டிங் மெஷின் எது? கூடவே என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?” என்று கேட்கிறார்.

மெஷின் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அந்தப் புத்தகம் நெளிந்ததற்குக் காரணம் கடைக்காரரும் இல்லை, அவருடைய பசையும் இல்லை. தாளை நடுவில் வெட்டியதுதான் காரணம். எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்லமாட்டார்கள்.

தாள் என்பது நார்களின் படுக்கை. கரும்புச் சக்கையோ மரக்கூழோ, அதிலுள்ள ஒவ்வொரு நாரும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம். திருத்தணிக்காரர்கள் திருவாலங்காடு சர்க்கரை ஆலைப் பக்கம் போகும்போது சக்கைக் குவியலைப் பார்த்திருப்பார்கள். கரூர் மாவட்டம் புகளூரிலுள்ள தமிழ்நாடு காகித ஆலையில் அந்தச் சக்கைதான் முக்கிய மூலப்பொருள்களில் ஒன்று. நாரைத் தண்ணீரில் கரைத்து, வேகமாக ஓடும் கம்பி வலைமேல் ஊற்றுகிறார்கள். தண்ணீர் கீழே வடிய, நார்கள் வலை ஓடும் திசையிலேயே பெரும்பாலும் நீட்டிப் படுத்துவிடுகின்றன. கையால் செய்த பழைய தாளில் இப்படி ஒரே திசை கிடையாது. 1799-இல் பிரான்சில் லூயி நிக்கோலா ராபர்ட் காகித இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் தாளுக்கு இந்தக் குணம் வந்து சேர்ந்தது. அச்சகத்தில் இதை கிரெய்ன் என்பார்கள்.

கோரைப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். கோரை பாயின் அகலவாக்கில் கிடக்கிறது, பாவு நூல் நீளவாக்கில் ஓடுகிறது. காலையில் எழுந்து பாயைச் சுருட்டும்போது கோரைக்கு இணையாகத்தான் சுருட்டுகிறோம். ஒரு தட்டுத் தட்டினால் சுருண்டுவிடும். அதே பாயைத் திருப்பி மறுவாக்கில் சுருட்டிப் பாருங்கள், முரண்டு பிடிக்கும். அழுத்தினால் கோரை மளுக்கென்று ஒடியும். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதும் பாயைச் சுருட்டுவது போலத்தான். முதுகை அச்சாக வைத்துத் தாள் வளைகிறது. கோரை முதுகுக்கு இணையாகக் கிடந்தால் பக்கம் அடங்கிப் படுக்கும். குறுக்காகக் கிடந்தால் விறைத்து நிற்கும், பிள்ளை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பான், ஒவ்வொரு அழுத்தலும் முதுகிலுள்ள பசையை நெம்பும். இனி அந்தப் பாயை மழையில் நனைய விடுவோம். ஊறிய கோரை பருக்கும், நீளாது. நூறு கோரையும் பருத்தால் பாய் எந்தப் பக்கம் பெருக்கும்? நூல் ஓடுகிற பக்கம்தான். பாயின் ஒரு விளிம்பை மட்டும் இறுக்கித் தைத்துவிட்டு நனைத்தால், தைத்த இடத்தில் பெருக்க வழியில்லாமல் பாய் நெளிந்து எழும்.

திருத்தணிப் புத்தகத்தில் நடந்தது அதுதான். தண்ணீர் ஏறினால் தாள் நார் அகலத்தில் பத்து, இருபது சதவீதம் வரை பருக்கும். நீளத்திலோ ஒன்றிரண்டு சதவீதம் நீண்டாலே அதிகம். கடையில் வாங்கும் ஏ4 ஜெராக்ஸ் தாளில் நார் பெரும்பாலும் 297 மில்லிமீட்டர் பக்கத்துக்கு இணையாக ஓடும். முழுத் தாளாக, இடப்புறம் பைண்டிங் போட்டால் முதுகும் நாரும் ஒரே திசை, தொல்லையில்லை. அதை நடுவில் வெட்டியதும் 297 என்பது பாதியாகி 148 ஆகிவிடுகிறது. புதிய முதுகு 210 மில்லிமீட்டர் பக்கம். நார் இப்போது முதுகுக்குக் குறுக்கே கிடக்கிறது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயிலில் காய்ந்து சுருங்கிய தாளைப் பசை அப்படியே பிடித்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் தாளின் திறந்த ஓரம் நீண்டது, முதுகுப் பக்கம் நீள இடமில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் தாள் அலையாக எழுந்தது.

லேசர் பிரிண்டர் இதை இன்னும் கூட்டிவிடும். மையை உருக்கித் தாளில் ஒட்டவைக்க அதன் உள்ளே ஏறக்குறைய 200 டிகிரி வெப்பத்தில் ஓர் உருளை சுழல்கிறது. அதைக் கடந்து வரும் தாள் ஈரம் இழந்து, சுருங்கி வருகிறது. சூடு ஆறுவதற்குள் பைண்டிங் போட்டால் சுருங்கிய நிலையிலேயே கட்டிவைக்கிறோம். அச்சான தாளை ஒரு நாள் பிரித்துப்போட்டு, அறைக் காற்றின் ஈரத்தை அது குடித்து முடித்த பிறகே முதுகைத் தொட வேண்டும்.

நாரின் போக்கைக் கண்டுபிடிக்க ஒரு தட்டுத் தண்ணீர் போதும். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யுங்கள், அன்றைய அறிவியல் பாடம் முடிந்தது. தாளின் மூலையில் ஐந்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, எந்தப் பக்கம் தாளின் நீளவாக்கு என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தண்ணீர்மேல் மெல்ல விடுங்கள். சில நொடிகளில் இரண்டு எதிரெதிர் ஓரங்கள் எழும்பி, சதுரம் குழாய்போலச் சுருளும். தண்ணீர் தொட்ட அடிப்பக்கத்து நார்கள் பருத்துவிட்டன, மேல்பக்கம் இன்னும் காய்ந்தே இருக்கிறது, அதனால்தான் இந்தச் சுருள். அந்தக் குழாய் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுவே நாரின் திசை. கொஞ்ச நேரத்தில் மேல்பக்கத்துக்கும் ஈரம் ஏறியதும் சதுரம் தானாகவே விரிந்து படுத்துக்கொள்ளும். எனக்கு இன்னும் சலிக்காத காட்சி இது. பென்சில் கோடும் குழாயும் ஒரே திசையில் இருந்தால் அது நீளவாக்கு நார்த் தாள்.

சிறிய புத்தகம்தான் வேண்டுமென்றால் ஏ3 தாள் வாங்கி நடுவில் வெட்டுங்கள். ஏ3-இலும் நார் நீளவாக்கில் இருந்தால், வெட்டிக் கிடைக்கிற ஏ4-இல் நார் அகலவாக்குக்கு மாறிவிடும். அதில் இரண்டு பக்கங்களை அச்சிட்டு மறுபடி வெட்டினால் நார் முதுகுக்கு இணையாக வந்து நிற்கும். ஏ3-க்கு அலைய முடியாதென்றால், வெட்டிய சிறு தாளைப் பக்கவாட்டில் கட்டாமல் தலைப்பக்கம் கட்டி, மேல்நோக்கிப் புரட்டும் புத்தகமாக்கிவிடலாம். அச்சிடும்போதே பக்கத்தை அதற்கேற்ற வாக்கில் அமைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அலை தீர்ந்தது. தாள் கழன்று வருவதற்குக் காரணம் வேறு. ஜெராக்ஸ் தாளின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஏ4 தாளின் நீள ஓரம் 297 மில்லிமீட்டர். பசை பிடிக்கக் கிடைக்கும் பரப்பு இரண்டையும் பெருக்கினால் வருவது, சுமார் 30 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய அந்த இடத்தை நம்பித்தான் ஒவ்வொரு தாளும் நிற்கிறது. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் தெர்மல் பைண்டிங் மெஷின் செய்வதும் இதையேதான். அட்டையின் முதுகில் முன்பே தடவியிருக்கும் பிளாஸ்டிக் பசையை உருக்கி, தாளின் வெட்டு விளிம்பை அதில் பதிக்கிறது. உருகிய பசை சட்டென்று இறுகிவிடுவதால் நார்களுக்குள் ஊறிப் போக நேரமில்லை. “ஒரே நிமிடத்தில் கடைத்தரப் புத்தகம்” என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதில் ஒரு நிமிடம் என்பது மட்டும் உண்மை. தினமும் பத்துத் தடவை திறந்து மூடப்படும் பாடப் புத்தகத்துக்கு அந்தப் பிடிப்பு போதாது. பூட்டிய காருக்குள் கோடையில் விட்டுவைத்தால் அந்தப் பசை இளகவும் தொடங்கும்.

இதற்கு மாற்று 1930-களில் ஜெர்மனியில் எமில் லும்பெக் பரப்பிய முறை. அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே, 1836-இல், இங்கிலாந்தில் வில்லியம் ஹான்காக் ரப்பர் கரைசலால் தாள்களை ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சில பத்தாண்டுகளில் ரப்பர் மக்கி, அந்தப் புத்தகங்கள் தாள் தாளாக உதிர்ந்தன. வரலாறு இவ்வளவு போதும்.

லும்பெக் முறைக்கு வேண்டியது ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை. பாலிவினைல் அசிடேட் துகள்கள் தண்ணீரில் மிதக்கிற பால் அது. தாள்களை மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தி, இரண்டு பலகைகளுக்கு நடுவில் முதுகு மேலே நீட்டியிருக்கும்படி வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். நீட்டியிருக்கும் தாள்களை ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஒவ்வொரு தாளும் அடுத்ததைவிட ஒரு மயிரிழை விலகி, விசிறிபோல விரியும். அந்தச் சாய்வின் மேல் பிரஷ்ஷால் பசை. பிறகு மறுபக்கம் சாய்த்து மறுபடி பசை. நிமிர்த்தியதும் ஒவ்வொரு தாளின் இரண்டு முகத்திலும் அரை மில்லிமீட்டர் அகலத்துக்குப் பசை ஏறியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 297 பெருக்கல் அரை, இரண்டு முகத்துக்கும் சேர்த்து 297 சதுர மில்லிமீட்டர். வெறும் ஓரத்தில் கிடைத்ததைப் போலப் பத்து மடங்கு. பசையிலுள்ள தண்ணீர் நாருக்குள் இறங்கிக் காற்றில் போய்விட, துகள்கள் ஒன்றோடொன்று கலந்து ரப்பர்போல வளையும் படலமாகின்றன. பசையின் தண்ணீரும் நாரைப் பருக்கவைக்கும். நார் முதுகுக்கு இணையாக இருந்தால் அந்தப் பெருக்கம் புத்தகத்தின் திறந்த ஓரத்தை நோக்கிப் போய் மறைந்துவிடும். இல்லையென்றால் மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, பசை காயும்போதே முதுகு நெளியும்.

பசை ஈரமாக இருக்கும்போதே முதுகில் ஒரு துண்டு காடாத்துணியை இழுத்து ஒட்டி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். பழைய பைண்டர்கள் மைதா பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். துத்தம் நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் அது வேண்டவே வேண்டாம்.

வீட்டில் படித்துப் புத்தகம் கட்டுவது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் மைக்கேல் ஃபாரடேயைச் சொல்லுங்கள். 1805-இல் 14 வயதில் லண்டனில் ஒரு பைண்டிங் கடையில் ஏழாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்துத்தான் மின்சாரம் கற்றார். 1812-இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தானே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு மார்ச்சில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவருக்கு வேலை கிடைத்தது. திருத்தணியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய ம.பொ.சி.யும் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அச்சுக்கோப்பாளராக வேலை பார்த்தவர்தான். 1966-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

சரி, மெஷின். முதலில் கணக்கு. ஸ்பைரல் மெஷின் 5,000 ரூபாய், கடையில் ஒரு பைண்டிங் 50 ரூபாய், சுருள் கம்பியும் பிளாஸ்டிக் அட்டையும் நீங்களே வாங்கினால் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புத்தகத்துக்கு 35 ரூபாய் மிச்சம். 143-வது புத்தகத்தில்தான் மெஷின் விலை தேறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். பிளாஸ்டிக் சீப்பு போடும் கோம்ப் மெஷினுக்கு வரும் “450 தாள் பைண்டிங்” என்ற விளம்பர எண்ணையும் நம்பிவிடாதீர்கள். அது சீப்புக்குள் அடங்கும் தாளின் அளவு. இத்தகைய சிறு மெஷின்கள் ஒரு தடவையில் துளைப்பது பத்து, பன்னிரண்டு தாள்தான். 300 தாள் புத்தகத்துக்குக் குறைந்தது 25 தடவை கைப்பிடியை இழுக்க வேண்டும்.

ஆகவே இன்று வாங்க வேண்டியவை: இரண்டு பலகை, இரண்டு கிளாம்ப், ஒரு பிரஷ், ஒரு டப்பா வெள்ளைப் பசை, கால் மீட்டர் காடா, பைண்டிங் அட்டை இரண்டு. வைத்துப் படிக்கும் பாடநூல்களை இதிலேயே கட்டிவிடலாம். பயிற்சித்தாள்களை நடுவில் சேர்ப்பதும் எடுப்பதுமாக இருப்பீர்கள் என்றால், ஓர் ஆண்டு கழித்து கோம்ப் மெஷின் வாங்குங்கள். சீப்பைத் திறந்து தாளை மாற்றலாம், சீப்பையும் மறுபடி பயன்படுத்தலாம். தெர்மல் மெஷின் வேண்டாம்.