பொற்கோயிலுக்குப் போகும் வழி: அன்றும் இன்றும்

1980களின் கடைசி வரை அமிர்தசரஸுக்குப் போன யாரும் பொற்கோயிலைத் தூரத்திலிருந்து பார்த்திருக்க முடியாது. சைக்கிள் ரிக்‌ஷாவே திணறும் சந்துகள், இரண்டு பக்கமும் கிர்பான் கத்தி, எஃகு வளையம், மரச்சீப்பு, சால்வை, உளுந்து வடகம், அப்பளம் என்று கடைகள், கடைகளுக்கு மேலே வீடுகள். கோயில் மதிலை ஒட்டியே குடித்தனங்கள் இருந்தன. செருப்பை விட்டு, தலையில் துணி கட்டி, காலைக் கழுவி, வாசலைத் தாண்டிப் படி இறங்கும்போதுதான் குளமும் அதன் நடுவே பொன்னும் ஒரே நொடியில் கண்ணில் படும். பொற்கோயிலான ஹர்மந்திர் சாஹிப்புக்குள் ஏறிப் போவதில்லை, இறங்கித்தான் போக வேண்டும். நாலு திசைக்கும் வாசல் வைத்து, சுற்றியுள்ள நிலத்தைவிடத் தாழ்வாக அதைக் கட்டினார் சீக்கியர்களின் ஐந்தாம் குரு அர்ஜன் தேவ். அந்த நெரிசலிலிருந்து அந்த வெளிக்குள் இறங்குவதே தரிசனத்தின் பாதி.

இன்று டவுன் ஹாலிலிருந்து கோயில் வரை அகலமான கல் பாவிய பாதை. 2016இல் திறக்கப்பட்ட இதற்குப் பெயர் ஹெரிடேஜ் தெரு. வண்டிகள் உள்ளே வராது. கட்டடங்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி வளைவுகள் வைத்து முகப்பு ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் குதிரைமேல் மகாராஜா ரஞ்சித் சிங். வழியில் பாங்ரா, கித்தா ஆடும் சிலைகளையும் வைத்திருந்தார்கள். குருவின் வாசலுக்குப் போகும் வழியில் ஆட்டச் சிலைகளா என்று எதிர்ப்பு எழுந்து, 2020இல் அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் இப்போது நிம்மதியாகக் கோயிலுக்கு வர முடிகிறது, அது பெரிய நன்மை. ஆனால் ஒட்டிய முகப்புக்குப் பின்னால் இருக்கும் வீடு எந்தக் காலத்தது, யாருடையது என்று இனி எந்தப் பயணிக்கும் தெரியப்போவதில்லை.

சந்துகள் மறைந்ததற்குக் காரணம் அழகுபடுத்தும் ஆசை மட்டுமல்ல. 1984 ஜூனில், உள்ளே இருந்த ஆயுதக் குழுவினரைப் பிடிக்க ராணுவம் கோயிலுக்குள் நுழைந்தது. 1988இல் மறுபடி ஒரு முற்றுகை. அதன் பிறகு வளாகத்தைச் சுற்றிச் சுமார் 30 மீட்டர் அகலத்துக்குக் கட்டடங்களையெல்லாம் அரசு கையகப்படுத்தி இடித்தது. தலைமுறைகளாக அங்கே இருந்த கடைவீதிகள் போய், 'கலியாரா' என்ற புல்வெளி வளையம் வந்தது. இன்று குடும்பங்கள் உட்கார்ந்து இளைப்பாறும் அந்தப் பச்சையின் அடியில் ஒரு பஜார் இருந்தது. பாதுகாப்புக்காகத்தான் அந்த வெளி உண்டாக்கப்பட்டது என்பதை எந்தப் பலகையாவது சொல்ல வேண்டும்.

குளக்கரையும் இப்படி வெறிச்சென்று இருந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அகமது ஷா அப்தாலியின் படை கோயிலை வெடிவைத்துத் தகர்த்துக் குளத்தைத் தூர்த்த பிறகு, சீக்கியப் படைக்குழுக்களின் தலைவர்கள் அதை மறுபடி கட்டினார்கள். கரையெங்கும் ஆளுக்கொரு 'புங்கா' எழுப்பினார்கள். யாத்திரிகர் தங்குமிடம், படைவீரர் முகாம், பாடசாலை எல்லாம் சேர்ந்த மாளிகைகள் அவை. குருமார்களின் பாடல்களான குர்பானியை ஓதுவதும் சங்கீதமும் சுவரோவியமும் அங்கேதான் கற்றுத்தரப்பட்டன. ஆங்கிலேயர் வந்ததும் சில புங்காக்களை இடித்து, தேவாலயக் கோபுரம் போன்ற செங்கல் மணிக்கூண்டு ஒன்றைக் கோயில் தலைமேல் நிற்பதுபோலக் கட்டினார்கள். அது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இடிக்கப்பட்டதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில், கூட்டம் பெருகியதால் சுற்றுப்பாதையை அகலப்படுத்தியபோது புங்காக்களும் பெரும்பாலும் போய்விட்டன. இரட்டை மினார்களோடு எஞ்சியிருப்பது ராம்கடியா புங்கா. 1984இல் அதுவும் அடிபட்டது. வளாகத்துக்குப் போகிறவர்கள் பத்து நிமிடமாவது அதற்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கரை முழுவதும் எப்படி இருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி அது.

இடிப்பதையும் கட்டுவதையும் நம்மூர்க் கண்ணோடு பார்த்தால் இந்த நகரம் புரியாது. இங்கே கட்டுவது வழிபாடு. 1923இல், 1973இல், 2004இல் குளத்தை வற்றவைத்துப் பக்தர்கள் கூடை கூடையாகச் சேறு சுமந்தார்கள். 1990களில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த சீக்கிய அமைப்பு ஒன்று, ரஞ்சித் சிங் காலத்துப் பொன்தகடுகளுக்குப் பதிலாகப் புதிய தகடுகள் பதித்தது. 1984இல் நொறுங்கிய, சீக்கியர்களின் உயர்ந்த பீடமான அகால் தக்தை அரசு அவசரமாகக் கட்டிக்கொடுத்தபோது, சீக்கியர்கள் அதை ஏற்காமல் 1986இல் இடித்துவிட்டுத் தங்கள் கையாலேயே திரும்பக் கட்டினார்கள். அரசு பூசிய பூச்சுக்குள் தங்கள் காயம் மறைவதை அவர்கள் விரும்பவில்லை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. திரும்பக் கட்ட முடியாமல் போனது சீக்கிய ஆய்வு நூலகம். அரிய கையெழுத்துப் பிரதிகள் அங்கே இருந்தன. எரிந்தனவா, எடுத்துச் செல்லப்பட்டனவா என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை.

கோயிலிலிருந்து சில நிமிட நடையில் ஜாலியன்வாலா பாக். இந்த நகரத்தில் நடந்த மாற்றங்களில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். 1919 ஏப்ரல் 13 அன்று, அங்கே கூடியிருந்த மக்களைச் சுட்ட ஆங்கிலேய அதிகாரி டயரின் சிப்பாய்கள் உள்ளே வந்தது ஒரு குறுகிய சந்து வழியாக. அவர் கொண்டுவந்த கவச வண்டிகள் நுழைய முடியாத அளவுக்குக் குறுகல். 1,650 ரவைகள் சுடப்பட்டன. அரசுக் கணக்கில் இறந்தவர் 379. காங்கிரஸ் விசாரணை ஆயிரம் அளவில் என்றது. 1961இல் நினைவுத்தூண் எழுந்த பிறகும் அந்தச் சந்து அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் உயர்ந்த மொட்டைச் செங்கல் சுவர். அதில் நடக்கும்போது யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியேற வழியில்லை என்பது உடம்புக்கே தெரியும்.

2021இல் புதுப்பித்துத் திறந்தபோது சந்தின் சுவர்களில் பாகுக்கு நடந்து வரும் மனிதர்களைப் புடைப்புச் சிற்பங்களாக வைத்துவிட்டார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், பண்டிகை நாளின் முகங்கள். தரை வழவழவென்று ஆகிவிட்டது. ஜனங்கள் குதித்து மாண்ட கிணற்றைக் கண்ணாடிச் சுவர் சூழ்ந்திருக்கிறது. மாலையில் ஒலி ஒளிக் காட்சி. திரும்பிப் போகத் தனி வழி வந்துவிட்டதால், வந்த சந்திலேயே திரும்பும் அனுபவமும் இல்லை. செய்தவர்கள் மரியாதையாகத்தான் நினைத்துச் செய்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் இப்போது அந்தச் சுவர்முன் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெறும் செங்கல் இருந்தபோது அப்படிச் செய்யத் தோன்றியதில்லை. அதே நகரத்தில், இந்தியர்கள் வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும் என்று டயர் ஆணையிட்ட கூச்சா குரிச்சான் சந்து இருக்கிறது. பயணிகள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. நேரமிருப்பவர்கள் போக வேண்டும்.

இனி, நல்லதற்காக நடந்த மாற்றம். 1919இல் கோயில் ஆங்கில அரசு நியமித்த நிர்வாகியின் கையில் இருந்தது. படுகொலைக்குப் பின் டயருக்கு அங்கே மரியாதையும் செய்யப்பட்டது. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து வந்த சீக்கியர்கள் கொண்டுவரும் கோதுமை அல்வாவான கடா பிரசாதத்தைப் பூசாரிகள் தொட மறுத்தார்கள். 1920 அக்டோபரில், அதே ஜாலியன்வாலா பாகில் கூடி, புதிதாக அமிர்தம் என்ற தீட்சை பெற்ற தலித் சீக்கியர்கள் பிரசாதத்தோடு கோயிலுக்கு நடந்தார்கள். கால்சா கல்லூரிப் பேராசிரியர்களும் உடன் போனார்கள். பூசாரிகள் மறுத்தார்கள். வாதம் நீண்டு, கடைசியில் புனித நூலான கிரந்தத்தைத் திறந்து அதன் வாக்கையே கேட்டார்கள். வாக்கு, பிரசாதத்தோடு வந்தவர்கள் பக்கம் இருந்தது, பிரசாதம் ஏற்கப்பட்டது. அகால் தக்தின் பூசாரிகள் இடத்தை விட்டே போய்விட்டார்கள். அடுத்த மாதம், குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி பிறந்தது. நாலு வருடம் கழித்து, வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியாரும் மற்றவர்களும் போராடியபோது, பஞ்சாபிலிருந்து அகாலிகள் என்ற சீர்திருத்தச் சீக்கியர்கள் வந்து சத்தியாக்கிரகிகளுக்கு லங்கர் என்ற இலவசப் பொதுச் சமையலறை நடத்தினார்கள். தங்கள் ஊரில் அப்போதுதான் வென்ற ஒன்றை இன்னொரு ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பொற்கோயிலின் லங்கர் இன்று சாதாரண நாளிலேயே அரை லட்சம் பேருக்குமேல் சோறு போடுகிறது. ரொட்டி சுடப் பாதி வேலைக்கு இயந்திரம் வந்துவிட்டது. பந்தி மாறவில்லை. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் ஒரே பாய், ஒரே தால், ரொட்டியை வாங்க இரு கையையும் ஏந்த வேண்டும்.

கருவறையில் பாடுகிறவர்கள் மாறிவிட்டார்கள். குரு நானக்கோடு ரபாப் வாசித்து நடந்த மர்தானா முஸ்லிம். அந்த மரபில் வந்த ரபாபிகள் என்ற முஸ்லிம் இசைக் குடும்பத்தினர் ஹர்மந்திருக்குள் கீர்த்தனம் பாடிவந்தார்கள். நகரத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் முஸ்லிம்களாக இருந்த காலம் அது. 1947இல் நாடு பிரிந்தபோது ரபாபிகள் 50 கிலோமீட்டர் தூரத்து லாகூருக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள். அந்தப் பிரிவினையின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் 2017 முதல் டவுன் ஹாலில் இருக்கிறது. கோயிலுக்குப் போகுமுன்பே அதைப் பார்ப்பது நல்லது. குளத்தின்மேல் மிதந்துவரும் குரலில் எது இல்லாமல் போயிற்று என்று அப்போது தெரியும்.

ஹர்மந்திருக்குள் பெண்கள் இன்னும் பாடவில்லை. லங்கரில் மாவு பிசைவது அவர்கள், சலவைக்கல்லைக் கழுவுவது அவர்கள், வரிசையில் நிற்பதும் அவர்கள். குரு நானக்கின் 550ஆம் ஆண்டில், 2019 நவம்பரில், பஞ்சாப் சட்டமன்றம் பெண்களையும் ஹர்மந்திருக்குள் கீர்த்தனம் பாட அனுமதிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1920இல் ஒரு பகலில் முடிந்ததைப் போன்ற காரியம்தான் இது. இதற்கு ஒரு பாதையையும் அகலப்படுத்த வேண்டாம், ஒரு செங்கல்லையும் பெயர்க்க வேண்டாம். முடிவெடுக்க வேண்டியவர்கள் இன்னும் எடுக்கவில்லை.