நாளைக்குப் போகிறேன் என்றவர்

"நாளைக்குச் சொல்கிறேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? கோயில் பொறுப்பை ஏற்கச் சொன்னாலும், பள்ளிக்கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னாலும் நம் வாயில் முதலில் வருவது அதுதான். "எனக்கென்ன தெரியும், படிச்சவங்க இருக்காங்களே" என்பது அடுத்து வரும்.

இந்தப் பேச்சையே பெயராகச் சுமந்தவர் நந்தனார். கொள்ளிடக் கரை ஆதனூரில், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டோர் சேரியில் பிறந்தவர். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பது அவர் தொண்டு. அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கும். அவர் வாசலுக்கு வெளியே நிற்பார்.

தில்லைக்குப் போய்க் கூத்தப்பெருமானைக் காண வேண்டும் என்ற ஆசை அவரைத் தூங்க விடவில்லை. ஆனால் தம் பிறப்பை நினைத்ததும் கால் பின்வாங்கும். "நாளைக்குப் போவேன்" என்பார். மறுநாளும் அதே பேச்சு. அதனால் திருநாளைப்போவார் என்றே பெயராயிற்று. சுந்தரர் தம் அடியார் வரிசையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரை வணங்குகிறார். நாள் கடத்திய பேச்சுக்கு முன்னால் ஒரு "திரு"!

நாடகத்திலும் சினிமாவிலும் இந்தக் கதையைப் பார்த்தவர்கள், "லீவு கொடுக்காத பண்ணையார் எங்கே?" என்பீர்கள். அவர் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்தில் சேர்த்த ஆள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் அவர் கிடையாது. அங்கே நந்தனாரைத் தடுத்தது, ஊர் அவர் மனத்துக்குள் கட்டி வைத்த வேலிதான். தண்டல், கிராணி யாரும் தடுக்காமலே நாம் நின்றுவிடுவதில்லையா?

முதலில் அவர் திருப்புன்கூருக்குப் போனார். வெளியே நின்றவருக்குச் சிவலிங்கம் தெரியும்படி நந்தி விலகியது. இன்றும் அங்கே நந்தி சற்றுத் தள்ளியே இருக்கிறது. நந்தனார் சும்மா திரும்பவில்லை. அங்கே ஒரு குளமும் வெட்டினார்.

பிறகு ஒருநாள் தில்லைக்கே கிளம்பிவிட்டார். எல்லையில் வேள்விப் புகையைக் கண்டதும் மறுபடி தயக்கம். உள்ளே போகாமல் இரவும் பகலும் ஊரையே சுற்றி வந்தார். களைத்துத் தூங்கியபோதுதான் கனவில் இறைவன் அழைத்தார். பயம் தீர்ந்தபின் வந்த அழைப்பல்ல அது. பயத்தோடு கால் போன மட்டும் நடந்தவருக்கு வந்தது.

ஆனால் அந்த அழைப்பு, நெருப்பில் மூழ்கி வரச் சொன்னது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "கூப்பிட்ட சாமி அப்படியே உள்ள விடக் கூடாதா, சார்?" எனக்குப் பதில் வரவில்லை. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர், ஒதுக்கப்பட்ட மக்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போன செய்தியைச் சொன்னேன். அன்று நெருப்பு மூட்டவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில், பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தவர் பினாங்குக்கு மாறிப் போனார். செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்காவைத்தான் கேட்டோம். காதால் கேட்டே அத்தனை பாட்டும் மனப்பாடம் செய்தவர்.

"மூணாவது வரைக்குந்தான் படிச்சேன், வாத்தியாரே. நாளைக்குச் சொல்றேன்."

மூன்று வாரம் நாளையாகவே போயிற்று. கேட்பதை நானும் விட்டுவிட்டேன். நாலாவது ஞாயிறு கோயிலுக்குப் போனால், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, எதிரே அந்த அக்கா. முதல் வரியிலேயே குரல் உடைந்தது. இரண்டு பையன்கள் சிரித்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.