கரன்ட் வந்ததும் தானாகப் பாடணும்! - வீட்டில் செய்த இன்டர்நெட் ரேடியோவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தீர்களா?

மதியம் கரன்ட் போகிறது. அரை மணி நேரம் கழித்து வருகிறது. ஃபேன் சுற்றுகிறது, ஃபிரிட்ஜ் உறுமுகிறது. பாட்டிக்காகப் பேரன் ஆசை ஆசையாகச் செய்துகொடுத்த இன்டர்நெட் ரேடியோ மட்டும் வாயைத் திறக்கவில்லை. உள்ளே இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் என்பது பாட்டிக்குத் தெரியாது. தெரிந்த பேரன் பெங்களூரில். அவன் அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்வரை, தனியாக இருப்பவருக்குத் துணையாக ஒலித்த ஒரே குரலும் அந்த வீட்டில் இல்லை.

ராஸ்பெர்ரி பை போர்டு, ஒரு மெமரி கார்டு, ஒரு ஸ்பீக்கர் இருந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இப்படி ஒரு ரேடியோவைச் செய்துவிடலாம். செய்கிறவர்களில் பலர் பாட்டு வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். யாரும் தொடாமல், கரன்ட் வந்ததும் அது தானாகப் பாட வேண்டும். என்னைக் கேட்டால், அதுதான் மீதிப் பாதி வேலை.

பழைய மர்ஃபி ரேடியோவுக்கு இந்தப் பிரச்னையே இல்லை. குமிழைத் திருகினால் 'டிக்' என்று விழும் ஸ்விட்ச், கரன்ட் போனாலும் அதே இடத்தில்தான் இருக்கும். முள் நின்ற இடத்திலேயே நிலையமும் இருக்கும். கரன்ட் வந்தால் பாடியே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் அப்படியல்ல. எங்கே விட்டோம் என்பதை எங்காவது எழுதிவைத்தால்தான் அதற்கு ஞாபகம் இருக்கும்.

இரண்டு நிமிட ஞாபகம்

ராஸ்பெர்ரி பை ரேடியோக்களில் பெரும்பாலும் பாடுவது 'மியூசிக் பிளேயர் டீமன்' என்ற இலவச மென்பொருள். சுருக்கமாக எம்.பி.டி. எந்த நிலையம், பாடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பதையெல்லாம் அது 'ஸ்டேட் ஃபைல்' என்ற ஒரு கோப்பில் எழுதிவைக்கும். மறுபடி ஆன் ஆகும்போது அதைப் படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். அதன் செட்டிங்ஸ் கோப்பில் ஸ்டேட் ஃபைலுக்கான வரி இருக்கிறதா, 'ரிஸ்டோர் பாஸ்டு' என்ற வரி 'நோ' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'யெஸ்' என்றிருந்தால் நிலையத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, பாடாமல் காத்திருக்கும். சில லினக்ஸ் பதிப்புகளில் எம்.பி.டி யாராவது கூப்பிட்டால்தான் விழிக்கும். போர்டு ஆன் ஆகும்போதே அதுவும் எழும்படி 'எனேபிள்' செய்துவிடுவது நல்லது.

வழக்கமாக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் அந்தக் கோப்பில் எழுதப்படும். நிலையத்தை மாற்றிய ஒரு நிமிடத்தில் கரன்ட் போனால், பழைய நிலையம்தான் திரும்ப வரும். இது பெரிய விஷயமில்லை.

ரூட்டரை முந்தும் ரேடியோ

பெரிய விஷயம் இதுதான். கரன்ட் வந்ததும் ரேடியோவும் ரூட்டரும் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. ரேடியோ பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தயாராகி நிலையத்தைத் தேடும். ஆனால் வைஃபையும், அதற்குப் பின்னால் இன்டர்நெட் லைனும் வர ரூட்டர் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வது சகஜம். தேடிய நிலையம் கிடைக்காததால் எம்.பி.டி நின்றுவிடும். அதோடு விட்டதா? 'நின்றுவிட்டேன்' என்பதையும் அந்தக் கோப்பில் எழுதிவைத்துவிடும். அடுத்த முறை இன்டர்நெட் சரியாகவே இருந்தாலும், அந்தக் கோப்பைப் படித்துவிட்டு சும்மா இருக்கும்!

நெட்வொர்க் வந்த பிறகே ஆரம்பிக்கும்படி லினக்ஸில் ஓர் ஏற்பாடு உண்டு. அதை மட்டும் நம்பாதீர்கள். வைஃபையில் சேர்ந்ததையே அது 'நெட்வொர்க் வந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்ளும். வெளியே இன்டர்நெட் இருக்கிறதா என்று பார்க்காது. அதனால் பத்து விநாடிக்கு ஒருமுறை 'பாடுகிறதா?' என்று பார்த்து, பாடாவிட்டால் மறுபடி முயற்சி செய்யும் நாலு வரி புரோகிராமை ஓடவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பாட்டி வேண்டுமென்றே நிறுத்தினாலும் இந்தப் புரோகிராம் பத்து விநாடியில் பாட வைத்துவிடும். முதல் முறை பாட ஆரம்பித்ததும் அது ஓய்வெடுக்கும்படி எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு சிக்கல் கடிகாரம். ராஸ்பெர்ரி பை 5-க்கு முந்தைய மாடல்களில், கரன்ட் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. 5-ல் உண்டு, ஆனால் அதற்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி மாட்ட வேண்டும். பல நாள் அணைந்து கிடந்து எழும் போர்டு, பழைய தேதியையே இன்று என்று நினைத்துக்கொள்ளும். இன்டர்நெட்டிலிருந்து சரியான நேரம் வரும்வரை, பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கும் நிலையங்கள் திறக்காமல் போகலாம். மறுபடி மறுபடி முயலும் அதே புரோகிராம் இதற்கும் கைகொடுக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு கரன்ட் வந்தால்?

முழுச் சத்தத்தில் ரேடியோ அலறினால், தனியாகத் தூங்குகிற வயதானவருக்குத் தூக்கிவாரிப்போடும். அதனால் ஆரம்பிக்கும்போது முதலில் சத்தத்தைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் பாட வைக்கும்படி எழுதுங்கள். இரவு 10 முதல் காலை 5 வரை தானாக ஆரம்பிக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவைக்கலாம். வயதானவர்களுக்கான ரேடியோ என்றால் நான் இதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

சுவரில் இருக்கும் ஸ்விட்சை அப்படியே அணைப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி அணைத்தால் கார்டு கெட்டுப்போகலாம். கார்டில் எதுவுமே எழுதாமல் ஓடும் 'ஓவர்லே' என்ற வசதி ராஸ்பெர்ரி பை செட்டிங்ஸில் இருக்கிறது. கார்டு பிழைக்கும், ஆனால் கடைசியாகக் கேட்ட நிலையம் ஞாபகத்தில் நிற்காது. ஒரே நிலையத்தைக் கேட்பவர் என்றால் தயங்காமல் அதைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அவருக்குப் பிடித்த நிலையத்திலேயே ஆரம்பிக்கட்டும். கை தவறி வேறு நிலையத்துக்குப் போனால்கூட, அணைத்துப் போட்டால் போதும், பழையபடி வந்துவிடும்.

ராஸ்பெர்ரி பைக்குப் பதில் இ.எஸ்.பி 32 என்ற சின்ன சிப்பில் செய்தால் மெமரி கார்டே தேவையில்லை. சட்டென்று அணைப்பதும் பெரிய ஆபத்தில்லை. நிலையத்தையும் சத்தத்தையும் சிப்பின் ஃபிளாஷ் மெமரியிலேயே எழுதலாம். அந்த மெமரியின் ஒவ்வொரு பகுதியையும் சுமார் ஒரு லட்சம் முறைதான் அழித்து எழுத முடியும். குமிழைத் திருகும் ஒவ்வொரு நொடியும் எழுதாமல், கையை எடுத்துச் சில விநாடி கழித்து ஒருமுறை எழுதும்படி செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததா? கம்ப்யூட்டரிலிருந்து 'ரீபூட்' கொடுத்துப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அப்போது ரூட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மீட்டர் பக்கத்தில் இருக்கும் மெயின் ஸ்விட்சையே அணைத்து, பத்து விநாடி கழித்துப் போடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரூட்டரின் ப்ளக்கையும் கையால் பிடுங்கி மாட்டுங்கள். பாட்டு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதைப் பாட்டியிடமும் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள். மூன்று நிமிடம் ஆகும் என்று தெரிந்தால் அவர் பொறுமையாக இருப்பார். தெரியாவிட்டால் எல்லா பட்டனையும் அமுக்கிப் பார்ப்பார்.