போதையை விட்டவரும் அவரைச் சூழ்ந்தவர்களும்

போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதைத் தனி மனிதரின் மனவுறுதிக்கு வைக்கப்படும் சோதனையாகக் கருதுவோர் பலர். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் மாலைப் பொழுதை யாருடன் கழிக்கிறார், கைச்செலவுக்கு யாரிடம் கடன் கேட்கிறார் என்பவற்றுக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பரவியிருப்பது 1971-இல் தெரியவந்தபோது, நாடு திரும்பியவர்களைத் தொடர்ந்து ஆராயும் பொறுப்பு சமூகவியலாளர் லீ ராபின்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீரர் அங்கே போதைக்கு அடிமையாகியிருந்தார் என்றாலும், அவ்வாறு அடிமையானவர்களில் ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காட்டினரே. மூன்று ஆண்டுகளில் சிறிது காலமேனும் மறுபடி சிக்கியவர்களும் 12 விழுக்காட்டளவில்தான் இருந்தனர். வியட்நாமில் மலிவாகக் கிடைத்த தூய ஹெராயின் அமெரிக்காவில் எளிதாகக் கிடைக்காததும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் சேர்ந்து புகைத்த தோழர்கள் திசைக்கொருவராகப் பிரிந்ததையும், வந்து சேர்ந்த ஊர் அவர்களை மகனாக, கணவனாக, பழைய வேலையாளாக மட்டுமே அறிந்திருந்ததையும் ஒதுக்கிவிட இயலாது.

சிகிச்சை இல்லத்திலிருந்து திரும்பும் சாதாரண நோயாளியின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் எந்தத் தெருவில் பழகினாரோ அதே தெருவுக்குத்தான் வருகிறார். அங்கே பழைய கூட்டாளியின் முகமே தூண்டுகுறியாகி, அதாவது பழைய அனுபவத்தோடு பிணைந்துவிட்டதால் கண்ட மாத்திரத்தில் வேட்கையைக் கிளப்பும் அடையாளமாகி விடுகிறது. அக்கூட்டாளியே அவசரத்துக்குப் பணம் தந்தவராகவும் படுக்க இடம் கொடுத்தவராகவும் இருப்பதால், 'சேர்க்கையை விடு' என்று குடும்பத்தார் சொல்லும் எளிய அறிவுரை அவரிடமிருக்கும் ஒரே ஆதரவையும் விடச் சொல்வதாக முடிகிறது. அதன்பின் எஞ்சும் தனிமை மறுபடி போதைக்கே இட்டுச் செல்லக்கூடும்.

எனவே பழைய வட்டத்துக்கு ஈடாகப் புதிய வட்டம் வேண்டும் என்பதைச் செயலில் காட்டியது, 1975-இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் தொடங்கிய ஆக்ஸ்ஃபர்டு ஹவுஸ். மீண்டுவருவோர் சிலர் வாடகைக்கு எடுத்த வீடு அது. ஊழியர் எவருமில்லை, வாடகையும் வீட்டுவேலையும் பகிரப்பட்டன, புதியவரைச் சேர்ப்பதை அங்கு வசிப்போரே வாக்களித்து முடிவு செய்தனர். சிகிச்சை முடித்த 150 பேரை, யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, இத்தகைய வீடுகளுக்கும் வழக்கமான பின்பராமரிப்புக்கும் பிரித்தனுப்பி, உளவியலாளர் லெனர்ட் ஜேசன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாண்டு முடிவில் மது, போதை பயன்படுத்தியோர் முதற்பிரிவில் 31 விழுக்காடாகவும் மற்றதில் 65 விழுக்காடாகவும் இருந்தனர். வேலையில் இருந்தவர்களோ முறையே 76, 49 விழுக்காட்டினர்.

இவ்வீடுகளின் விதி ஒன்று கடுமையானது: மறுபடி போதையைத் தொட்டவர் உடனே வெளியேற வேண்டும். மற்றவர்களைக் காக்க அது தேவைதான் என்றாலும், துணை மிகுதியாக வேண்டிய அந்த வேளையில் வெளியேற்றப்பட்டவர் எங்கே போவார் என்பதற்கு அவ்விதியில் விடையில்லை.