மருத்துவம் படிக்க விரும்பும் தங்கையருக்கு

"நீ பெரியவளானதும் என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால் நம் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப் பேர் "டாக்டர்" என்றே கூறுவர். மழலையர் வகுப்பு மாறுவேடப் போட்டியில் வெள்ளைச் சட்டையும் ஸ்டெதஸ்கோப்பும் மாட்டிய நாளிலிருந்து பழகிப்போன பதில் அது. ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், மேல்நிலை வகுப்பு விண்ணப்பத்தில் "விரும்பும் பாடப்பிரிவு" என்றொரு சிறு கட்டம் வருகிறதே, அங்கேதான் அந்தப் பதிலுக்கு முதல் சோதனை. வீட்டில் மகாநாடு கூடுகிறது. மாமா ஒன்று சொல்வார்; பக்கத்து வீட்டு அக்கா வேறொன்று சொல்வாள். நான்கைந்து நாட்களுக்குள் கட்டம் நிரம்பிவிடும்.

அன்புத் தங்கையரே, மேல்நிலை இரண்டாம் ஆண்டில் பயிலும் நாங்கள் மூவர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒருத்தி முதல் பிரிவு, அதாவது கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். இன்னொருத்தி கணிதத்தை விட்டுவிட்டு இயற்பியல், வேதியியலோடு தாவரவியலும் விலங்கியலும் எடுத்தவள். மூன்றாமவள் உயிரியலை விட்டுக் கணினி அறிவியலை எடுத்தவள். மூவருக்கும் டாக்டராக ஆசை உண்டு என்பதுதான் இதில் வேடிக்கை.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தாங்கள் படித்த காலத்தின் கணக்கை வைத்து எங்களுக்கு யோசனை கூறுகிறீர்கள். அது இன்று முழுதும் பொருந்தாது. 1978-இல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு, பதினோராம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் பி.யு.சி. சேரும்போதே பிரிவைத் தேர்ந்தெடுத்தார்களாம். பின்னர் 1984 முதல் 2006 வரை தமிழக அரசின் நுழைவுத் தேர்வு. அதன்பின் சில ஆண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்கு 'கட்-ஆஃப்' போட்டார்கள். எங்கள் மாமாக்கள் இன்னமும் அந்த 200-ஐத்தான் பேசுகிறார்கள். 2017 முதல் நம் மாநிலத்திலும் எம்.பி.பி.எஸ். இடங்கள் யாவும் நீட் தேர்வின் வழியே நிரப்பப்படுகின்றன. அது சரியா தவறா என்னும் வாதம் பெரியவர்களுக்கு உரியது. விண்ணப்பத்தை நிரப்பப் போகிறவள் விதியை அறிந்தாக வேண்டும்.

விதி இதுதான். மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்துத் தேறியிருக்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியே படித்தாலும் சரியே. கணிதம் கட்டாயம் இல்லை. 2025-ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண். அதில் பாதி உயிரியலுக்கு. மீதியை மற்ற இரண்டும் சமமாகப் பங்கிட்டுக் கொண்டன. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும். தவறினால் ஒன்று பறிபோகும்.

இதைப் படித்தவுடன், "கணிதம் வேண்டாம், உயிரியல் பாதி என்றால் தாவரவியல், விலங்கியல் பிரிவுதானே நல்லது?" என்று தோன்றும். எங்களுள் இரண்டாமவளும் அப்படித்தான் நினைத்தாள். உண்மையைச் சொன்னால், அவள் மருத்துவத்தை நோக்கி ஓடியதைவிடக் கணிதத்தை விட்டு ஓடியதே அதிகம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது பாடம் இயக்கவியல். புத்தகத்தைத் திறந்தால் வெக்டர். அடுத்து எறிந்த பந்தின் பாதைக்கு சைனும் கொசைனும். போதாக்குறைக்கு வகைக்கெழு, தொகையிடல். கணிதம் எடுத்தவர்களுக்கு இவற்றைக் கணித ஆசிரியை தனியாக நடத்துகிறார். அவளுக்கு நடத்த யாருமில்லை. முதல் மாதத் தேர்வில் ஐம்பதுக்கு ஒன்பது வாங்கிவிட்டு, தூங்குமூஞ்சி மரத்தடியில் சோற்றுப் பாத்திரத்தைத் திறவாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று முதல் மூன்று மாதங்கள், மதிய இடைவேளைகளில் முதல் பிரிவுத் தோழி அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

ஆகவே எங்கள் கருத்து இது. கணிதத்தில் உனக்குப் பயம் இல்லையென்றால் முதல் பிரிவையே எடு. உயிரியல் பாடங்களை ஊன்றிப் படித்தால் நினைவில் நிறுத்திவிடலாம். எங்களைப் போன்றவர்கள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் இயற்பியலில்தான். மேலும், மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் பொறியியலுக்கும் வழி திறந்திருக்கும். இதில் சுமை அதிகம் என்பதை மறைக்கவில்லை. தாவரவியலும் விலங்கியலும் ஒரே பாடமாகச் சேர்ந்து வருவதால் உயிரியலுக்குக் கிடைக்கும் பாடவேளையும் குறைவு. கணிதம் உன் நாளையெல்லாம் தின்றுவிடும் என்றால் மற்றப் பிரிவே மேல். ஆனால் கணக்குத் தொல்லை தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டு அங்கே போகாதே.

டாக்டருக்கு இயற்பியல் எதற்கு என்று நாங்களும் முணுமுணுத்ததுண்டு. எங்கள் ஆசிரியை ஒருநாள் இரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுவந்து காட்டினார். 120 என்று சொல்கிறோமே, அது 120 மில்லிமீட்டர் பாதரசத் தம்பத்தின் அழுத்தம். கண்ணாடிக் கடையில் எழுதித் தரும் 'பவர்' நாம் படிக்கும் லென்ஸ் சூத்திரம். இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்பது, வேதியியலில் மனப்பாடம் செய்து மறந்துபோகும் தாங்கல் கரைசலின் வேலை. அன்றைக்குப் பிறகு முணுமுணுப்புக் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை.

மூன்றாமவளின் கதை சற்று வருத்தமானது. கணினி படித்தால் உடனே வேலை என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொன்னதால், உயிரியல் இல்லாத பிரிவில் சேர்ந்தாள். பாட்டியை மருத்துவமனையில் வைத்திருந்த மூன்று வாரங்களும் அங்கேயே கிடந்தவளுக்கு மனம் மாறிவிட்டது. அதற்குள் பிரிவு மாறும் காலம் கடந்து போயிற்று. பிளஸ் டூ முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்திருக்கிறது. வழி இருக்கிறது, ஆனால் அதற்கு ஓராண்டு கூடுதலாகத் தேவை. அவள் தாயார் தையல் தைத்துக் குடும்பத்தைக் காப்பவர். தம்பியும் கல்லூரி வாசலுக்கு வந்துவிடுவான். அந்த ஓராண்டு யாருடைய கணக்கில் ஏறும் என்பதே இப்போது அவர்கள் வீட்டுப் பேச்சு. "முடிவு செய்யவில்லை என்று எழுது" என்று அவளே கூறியதால் அப்படியே எழுதுகிறோம்.

பெற்றோர் பலர் தவறாக எண்ணியிருக்கும் செய்தி ஒன்றும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. நம்மைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது கிடையாது. பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் கிடைத்துவிடும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. இதற்காகத் தோழிகளைப் பிரிய வேண்டாம்.

தமிழ் வழியில் பயில்வோர் கலங்க வேண்டியதில்லை. நீட் வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம். அதில் ஆங்கிலமும் உடன் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்பதால், கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிப் பழகுவது நல்லது.

2024-இல் இத்தேர்வுக்கு விண்ணப்பித்தோர் 24 இலட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஓர் இலட்சத்தைச் சற்றே தாண்டியவை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உயிரியல் எடுத்தவளுக்கு செவிலியர் பட்டப்படிப்பு, மருந்தியல், கால்நடை மருத்துவம் என்று வேறு வழிகளும் உண்டு. நம் மாநிலத்தில் இவற்றுக்கு இன்னும் பிளஸ் டூ மதிப்பெண்ணே பெரும்பாலும் துணை. மாமாவின் 200 இங்கே உதவும்! சித்த மருத்துவத்துக்கு நீட் வேண்டும்.

மரத்தடியில் எழுதிய இயக்கவியல் கணக்கு நோட்டை நூலகச் சகோதரியிடம் கொடுத்திருக்கிறோம். அட்டை கிழிந்திருக்கும், ஆறாம் பக்கத்தில் குழம்புக் கறை. பாடப்பிரிவுக் கட்டத்தை நிரப்பும் முன் அதன் முதல் பன்னிரண்டு பக்கங்களை வாங்கிப் பாருங்கள்.