பிள்ளைக்காம்பராவில் பழகும் கைகள்

இலங்கையின் ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்தெடுக்க மலைக்கு ஏறுமுன் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக்காம்பரா. முன்பெல்லாம் ஆயாம்மா ஒருவர் தொட்டிலாட்டி, அழுதால் தேற்றுவதோடு அங்கே வேலை முடிந்துவிடும். இன்று பல தோட்டங்களில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையம். பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் பொறுப்பில் இருக்கிறார்.

சாப்பாட்டுக்கு முன் அங்கே கை கழுவும் நேரத்தைப் பார்க்க வேண்டும். மலைநாட்டுக் குளிரில் குழாயடியில் விரலை நீட்டவே பிள்ளைக்கு மனம் வராது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகக்கண் என்று ஒவ்வொன்றாக, குறைந்தது 20 விநாடியாவது சோப்புப் போட்டுத் தேய்க்கப் பழக்க வேண்டும். ஒருநாள் சொல்லிக்கொடுத்தால் வராது. தினமும் அதே நேரத்தில், அதே வரிசையில் செய்தால்தான் படியும்.

இது வெறும் சுத்தம் பற்றிய விஷயமல்ல. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்பகுதியிலோ இது ஏறத்தாழ 32 சதவீதம். வறுமையும் சத்துக்குறைந்த சாப்பாடும் இதற்குப் பெரிய காரணங்கள். கை கழுவாததால் அடிக்கடி வரும் வயிற்றோட்டமும் சாப்பிட்டதை உடம்பில் ஒட்டவிடாது.

பிள்ளைகளைத் தாமே செய்யப் பழக்குவது புதிதல்ல. இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோவில் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்ததும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்காகத்தான். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரற்றுத் திரிந்த அந்தப் பிள்ளைகள் பொத்தான் போடவும், தண்ணீர் ஊற்றவும், கூட்டவும் தாங்களே பழகினார்கள். பின்னாளில் சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். தேயிலை மலைகளுக்கு அவர் வழி நன்றாகவே பொருந்தும்.

ஆனால் நிலையத்தில் பழகியது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அறுந்துபோகிறது. பல லயங்களில் குழாய் பொது. தண்ணீர் எல்லா நேரமும் வராது. விடிகாலை அவசரத்தில் சுவெட்டரின் பொத்தானைத் தாயே போட்டுவிடுகிறாள். வேலைக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அதாவது அன்றைய நாட்கூலி பதியப்படாது என்ற பயம் அவளுக்கு. அவளைக் குறை சொல்ல முடியாது.

தோட்ட நிர்வாகங்கள் லயத்துக்கு நாள் முழுதும் தண்ணீர் கொடுக்க வேண்டும். வீட்டிலிருக்கும் அப்பாயி, அம்மாயிமாரே, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் சோப்பை வைத்து, பிள்ளை தானாகக் கழுவி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.