சாமளாபுரத்துக் காற்றும் தனுஷ்கோடி அலையும்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரான சாமளாபுரத்தில் தறிக்குடோனின் மேற்கு ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும். திறந்து கிடந்தால் உள்ளே பறக்கும் பஞ்சு அத்தனையும் பாவில் வந்து படியும். சாமளாபுரம் குளத்தில் சிற்றலைகள் வரிவரியாகக் கிழக்குக் கரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று இது. பல்லடத்துக்கும் உடுமலைக்கும் இடையே காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் இதுதான்.

இதே பருவக்காற்று அதே நாட்களில் மன்னார் வளைகுடாவையும் உழுதுகொண்டிருக்கிறது. ஆகவே கடற்கரைக்குத் தூண்டிலோடு புறப்படுகிறவர் முதல் தகவலை இந்த ஜன்னலோரத்திலேயே பெற்றுவிடலாம். அந்தக் கடல் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்பது அதற்குத் தடையே இல்லை.

படகு வைத்திருப்பவர் மீனைத் தேடிப் போவார். படகில்லாமல் முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் வீசுகிறவரோ, மீன் கரைக்கு வரும் நேரத்தில், வரும் இடத்தில் நின்றாக வேண்டும். நிலா, காற்று, மணல் மூன்றும் ஒத்துவராமல் அது நடக்காது. அதனால்தான் படகில்லாத பயணத்துக்குத் திட்டம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எங்களுக்கு அருகில் இருப்பது பொன்னானிக் கடற்கரைதான். பாலக்காடு தாண்டினால் வந்துவிடும். ஆனாலும் நான் இராமேசுவரத்தையே சொல்வேன், அங்கே இரண்டு கடல் இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகும் சாலையில் நடுவில் நின்றால் இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். வடக்கு அமைதி, தெற்கு சீற்றம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் காற்று மாறினால் அந்தக் கணக்கும் மாறும்.

அலையின் உயரம் மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது விடாமல் வீசும் நேரம், தடையில்லாமல் தண்ணீர்மேல் ஓடக் கிடைக்கும் தூரம். ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு மன்னார் வளைகுடா முழுவதும் ஓடுகளம். அதே காற்று தீவின் நிலத்தைக் கடந்து வடகரையைத் தொடும்போது அலை எழுப்ப அதற்குத் தூரமே கிடைப்பதில்லை. எனவே தென்கரையில் அலை ஆள் உயரம் எழும் நாளிலும் வடகரை குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வாடையாகத் திரும்பிவிட்டால் பாக் நீரிணை அதன் ஓடுகளம். அந்தக் கடல் ஆழம் குறைந்தது. அதனால் அலைகள் குட்டையாக, நெருக்கமாக எழுந்து அடிமண்ணைக் கிளறித் தண்ணீரைக் கலக்கிவிடும். அப்போது தென்கரை அடங்கும். சாலையைக் கடந்தால் போதும், பருவத்துக்கு ஏற்ற கடலைத் தேர்ந்துகொள்ளலாம். இப்படி ஒரு வசதி வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

போகும் கரை முடிவானதும் நாளைப் பார்க்க வேண்டும். அதற்கான கருவி எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. தினசரி காலண்டரில் இராகு காலத்தைப் பார்க்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் திதியையும் பார்க்கட்டும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அதன் உச்சம் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறுக்குமறுக்காக இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் குறைவு. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடைவெளி சுமார் 12 மணி 25 நிமிடம். நிலா பூமியைச் சுற்றி முன்னே நகர்ந்துகொண்டே இருப்பதால் நாளுக்கு நாள் 50 நிமிடம் பிந்தும். இன்று காலை ஆறு மணிக்கு ஏறிய தண்ணீர் நாளை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏறும்.

இராமேசுவரத்தை ஒட்டிய கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நூறு அடிக்கு ஓரடி இறங்கும் சரிவான கரையில் அரை மீட்டர் நீர் வற்றினால் தண்ணீர் 50 மீட்டர் பின்வாங்கும். ஏற்றத்தில் தொடையளவு இருந்த இடம் வற்றத்தில் கணுக்காலளவு. வற்றிய நேரத்தில் போய்ப் பள்ளம் மேடுகளைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, ஏறும் நேரத்தில் தூண்டில் போடுவதுதான் சரியான முறை. தண்ணீர் ஏற ஏற, அதுவரை எட்டாத மணலில் இரை தேடி மீனும் கூடவே ஏறி வரும்.

கரையைப் படிக்க அலையே உதவும். தன் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலை உடைகிறது. ஆகவே வெள்ளை நுரை எழும் இடத்தில் அடியில் மணல் திட்டு இருக்கிறது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே நுரை அடங்கித் தெரியும் பட்டை பள்ளம். மீன்கள் உலவும் தெரு அது. திட்டைத் தாண்டி உள்ளே விழுந்த தண்ணீர் திரும்பிப் போகவும் வழி வேண்டும் அல்லவா? திட்டு அறுந்திருக்கும் இடைவெளி வழியாக அது கடலுக்குள் பாயும். ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரையாக இருக்க, நடுவில் அந்த ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். குளிக்க வருகிறவர்கள் நல்ல இடம் என்று இறங்குவது அங்கேதான், கடல் இழுத்துப் போவதும் அங்கேதான். அடித்துவரும் புழுவையும் இறாலையும் எதிர்பார்த்து மீன் காத்திருப்பதும் அதன் ஓரத்தில்தான். தூண்டில்காரர் அந்த இடைவெளிக்குப் பக்கவாட்டில் நின்று அதற்குள் வீச வேண்டும், காலை அதற்குள் வைக்கக் கூடாது. தப்பித்தவறி மாட்டிக்கொண்டால், கரையை நோக்கி நீந்தினால் களைத்துப்போவோம். கரைக்கு இணையாக நீந்தினால் கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டுவிடும்.

காற்றே இல்லாத நாளில் வரும் அலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. சாமளாபுரத்தில் ஒரு சொட்டு மழை இருக்காது, வெயில் காயும், நொய்யலில் வெள்ளம் வரும். மழை வெள்ளியங்கிரி மலையில் பெய்திருக்கும். கடலிலும் அப்படித்தான். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல் நெடிய அலைகளை எழுப்பிவிடுகிறது. அவை நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, சில நாள் கழித்து, இங்கே வானம் தெளிந்திருக்கும் வேளையில் கரையில் ஏறும். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்றார்கள். அந்தப் பெயரை 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. சித்திரை, வைகாசியில் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் பஸ் ஏறவே கூடாது. கரையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் உதவும். அருகில் வீசும் காற்று எழுப்பிய அலைகள் சில விநாடிக்கு ஒன்றாக வரும். ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் பதினைந்து விநாடிக்கு மேல் ஆகிறதென்றால் அது தொலைவிலிருந்து வந்த அலை. தண்ணீரில் இறங்க வேண்டாம்.

தூண்டில் கயிற்றைப் பற்றி நூல்காரர்களுக்கு ஒரு செய்தி. தங்கூசி என்று மீனவர்கள் சொல்வது முறுக்கில்லாத ஒற்றை நைலான் இழை. பருத்தி நூல் நனைந்தால் வலுக்கும், நைலான் நனைந்தால் கொஞ்சம் தளரும். ஆனாலும் பருத்தி வலை உப்புத் தண்ணீரில் மட்கிப்போகும், நைலான் மட்காது. தங்கூசியில் முடிச்சை இறுக்கும்போது எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இழுத்தால் உராயும் சூட்டில் அந்த இடமே பலவீனப்பட்டு, மீன் கடிக்கும்போது அங்கேதான் அறும். அறுந்த தங்கூசியைக் கடலில் விட்டுவிட்டு வரக் கூடாது. மட்காத அந்தக் குணமே ஆமையின் கழுத்தில் சுருக்காகிவிடும்.

மணற்கரையில் நமக்கான மீன் கிழங்கான். சாண் நீளம், வெள்ளி உடம்பு, கூர்ந்த வாய். அந்த வாயால் மணலைத் துழாவிப் புழுவும் சின்ன இறாலும் தின்னும். மிரண்டால் மணலுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். அது அலையோரத்துக்கு வருவதற்கான காரணத்தை நம் குதிகாலிலேயே பார்க்கலாம். அலை பின்வாங்கும்போது அசையாமல் நில்லுங்கள். காலைச் சுற்றி வளைந்து போகும் தண்ணீர் அங்கே வேகம் கூடி மணலை அரித்தெடுக்கும். குதிகால் பள்ளத்தில் இறங்கும். நாலைந்து அலைக்குள் கணுக்கால் வரை புதைந்துவிடும். ஒவ்வோர் அலையும் கரை நெடுகிலும் இப்படித்தான் மணலைப் புரட்டி, அடியில் ஒளிந்த உயிர்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. நாம் நடந்தாலும் அதேதான். காலைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலைத் தேய்த்தபடி நகர்வது நல்லது. மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும். மிதித்தால் வால் முள்ளால் குத்தும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி குறையும், அதன் விஷம் சூட்டில் செயலிழக்கும் புரதம். அதன் பிறகு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கரைவலை இழுக்கும் இடத்தில் தூண்டில் போட வேண்டாம், அது அவர்கள் பிழைப்பு. காலில் தட்டுப்படும் கடல் அட்டையை எடுக்கக் கூடாது, சட்டம் பாதுகாக்கும் உயிர். 2025 ஜூனில் தனுஷ்கோடியின் ஒரு பகுதி பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. எந்தெந்த இடத்தில் நிற்கலாம் என்பதை வனத்துறையிடம் கேட்டுவிட்டே போங்கள். பொழுது சாய்வதற்குள் அரிச்சல்முனைச் சாலையை விட்டுத் திரும்பியும் ஆக வேண்டும்.

ஐப்பசி நடுவில் ஒரு நாள் காலையில் குடோனுக்குள் பஞ்சு எதிர்த்திசையில் பறக்கத் தொடங்கும். அன்றைக்கு நாங்கள் கிழக்கு ஜன்னலைச் சாத்துவோம். தூண்டிலை இனித் தென்கரைக்குக் கொண்டுபோகலாம்.